குணசீலம் பெருமாளுக்குத் தம்பியின் முடிகாணிக்கை

புரட்டாசி சனிக்கிழமை திருச்சி பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலில் கூட்டம் தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. தம்பிக்குக் குணமானால் புரட்டாசியில் முடியிறக்குவதாக வேண்டியிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறியதிலிருந்து நின்றபடியேதான் பயணம். கோயில் வாசலில், சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன் என்று காசு கேட்டு ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். துன்பத்தோடு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தம்பிக்கு முதலில் தூக்கம் போனது. அப்புறம் யாரோ காதில் பேசுவதாகச் சொன்னான். சோற்றில் விஷம் வைத்திருக்கிறோம் என்று தட்டைத் தள்ளினான். ஊரே காத்து கருப்பு என்றது. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதும் பெரியப்பா, "கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேர் வந்துட்டா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்று வாயை அடைத்துவிட்டார். சங்கிலி போடச் சொன்னவர்களும் உண்டு. 2001இல் ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் தீயில் வெந்து, 28 உயிர் போனதை அம்மா மறக்கவில்லை. அதற்கு மட்டும் சம்மதிக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

குணசீலம் என்றதும் ஒருவரும் தடுக்கவில்லை. வேண்டுதலுக்குப் போகிறவர்களை யார் கேள்வி கேட்பார்கள்? அங்கே போனால், அரசு அனுமதியோடு மனநல மறுவாழ்வு மையமே நடக்கிறது. ஒரு மண்டலம் தங்க வேண்டும். மனநல மருத்துவர் வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார். ஆஸ்பத்திரிப் படியேற மறுத்த அம்மா, "பெருமாளே அனுப்பின ஆளு" என்று மறுபேச்சில்லாமல் அவர் சொன்னதைக் கேட்டார்.

உச்சிக்காலத்துக்கும் அர்த்தஜாமத்துக்கும் சன்னதியில் நிற்பான், தலை குனிந்தபடி. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒரு உச்சிக்காலத்தில் தீர்த்தம் முகத்தில் சுளீரென்று விழுந்தது. நிமிர்ந்தான். கண்ணெல்லாம் தண்ணீர் வழிய, துடைக்காமல் பெருமாளையே பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, பெருமாள் கையில வச்சிருக்கிறது செங்கோலா?" என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனாக என்னிடம் கேட்ட கேள்வி அது. ஆமாண்டா என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. அம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டார். என் அப்பனே, மருந்துக்கு வழி காட்டியதும் நீ, எங்கள் பிள்ளையைத் திருப்பித் தந்ததும் நீ!

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பியே மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வருகிறான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஊர் திரும்பியவனைப் பார்த்துவிட்டு, அடுத்த தெரு அக்கா இருட்டிய பிறகு வந்து மகளைப் பற்றிச் சொல்லி அழுதார். குணசீலம் போகிறவரை அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது என்று எண்ணை எழுதிக் கொடுத்தேன். வருகிற வாரம் அவர்களோடு நானும் குணசீலம் போகிறேன். பிரசன்ன வெங்கடாசலபதி, அந்தப் பிள்ளையையும் கைவிடாதேப்பா.