சிங்கிள் பேஸ் ஜெனரேட்டரில் மூன்று பேஸ் இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சார்ஜ்: எங்கள் வீட்டில் செய்தது

வீட்டில் மூன்று பேஸ் இன்வெர்ட்டர் இருந்து, கைக்குக் கிடைப்பது சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர்தான் என்றால், அதை இன்வெர்ட்டரின் ஏசி இன்புட்டில் கொடுக்க மெனக்கெடாதீர்கள். தனியாக ஒரு சார்ஜர் வாங்கி நேராக பேட்டரிக்குப் போங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு மூன்று தளம். தளத்துக்கு ஒரு பேஸ். போர் மோட்டார் மட்டும் மூன்று பேஸ். பேஸுக்கு ஒன்றாக மூன்று இன்வெர்ட்டர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக 51.2 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, மாடியில் சோலார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் இல்லை, வெயிலும் இல்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே போனது. பக்கத்துத் தெருவில் 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று கிடைத்தது. சிங்கிள் பேஸ்.

ஒரு இன்வெர்ட்டரின் இன்புட்டில் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றும் ஒரே அமைப்பாகச் செட் செய்யப்பட்டவை. 120 டிகிரி இடைவெளியில் மூன்று பேஸும் வந்தால்தான் உள்ளே விடும். வயரிங் பார்க்கும் தம்பி, "இன்னாக்கா, மூணு இன்புட்டையும் ஒண்ணா லூப் போட்டுடலாமே" என்றான். எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா உடனே தடுத்தார். "லூப் போட்டா மூணும் ஒரே பேஸ்தானேம்மா? பேஸுக்கும் பேஸுக்கும் நடுவுல 415 வோல்ட் இருந்தாத்தான் மோட்டார் சுத்தும். இங்க பூஜ்யம்தான் இருக்கும்." நியூட்ரல் விஷயமும் அவர் சொல்லித்தான் புரிந்தது. நிஜமான மூன்று பேஸில் தலா 20 ஆம்ஸ் சமமாக ஓடினால் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே பேஸை மூன்றாகப் பிரித்தால் மூன்றும் கூடி 60 ஆம்ஸ் ஆகும். பெரிய ஜெனரேட்டர் வைத்து லூப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பேட்டரியில் இருப்பது டிசி, அதற்குப் பேஸ் கிடையாது. சித்தப்பா சொன்ன வழி அதுதான்: ஜெனரேட்டரிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து பேட்டரி பஸ்பார் (பேட்டரி வயர்கள் எல்லாம் வந்து சேரும் செம்புப் பட்டை). இன்வெர்ட்டர்கள் பாட்டுக்குப் பேட்டரியிலிருந்து மூன்று பேஸ் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதில் இன்னொரு நிம்மதி, ஜெனரேட்டரின் நியூட்ரல் வீட்டு நியூட்ரலோடு சேர்வதே இல்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் தேவையில்லை. ஜெனரேட்டர் கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பிப்போய் லைன்மேனைத் தாக்குமோ என்ற பயமும் இல்லை.

சார்ஜரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதானம் வேண்டும். 50 ஆம்ஸ், 55 வோல்ட் என்றால் 2,750 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 3 கிலோவாட். இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்பதுதான் பவர் ஃபாக்டர்; 1-க்கு நெருங்க நெருங்க நல்லது. பவர் ஃபாக்டர் கரெக்‌ஷன் உள்ள சார்ஜர் இதற்கு ஜெனரேட்டரிடம் 13, 14 ஆம்ஸ்தான் கேட்கும். அது இல்லாத மலிவான சார்ஜர், பவர் ஃபாக்டர் 0.65 என்று வைத்தால், 20 ஆம்ஸை இழுக்கும். 5 கேவிஏ ஜெனரேட்டரின் மொத்தத் திறனே ஏறக்குறைய 21 ஆம்ஸ். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கடைக்காரர் விலை குறைந்ததைக் காட்டியபோது, ஸ்டிக்கரில் பவர் ஃபாக்டர் எவ்வளவு என்று பார்த்த பிறகே முடிவு செய்தோம். கூடுதல் பணம் கொடுத்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மின்னழுத்தத்தை 55.2-இல் நிறுத்தினோம். 16 செல், ஒவ்வொன்றுக்கும் 3.45 வோல்ட். மிச்சத்தைச் சோலார் நிரப்பிக்கொள்ளும். சோலாரும் சார்ஜரும் சேர்ந்து கொடுக்கும் ஆம்ஸ், பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) அனுமதிக்கும் அளவைத் தாண்டக்கூடாது. அதனால் வெயில் நன்றாக அடிக்கும்போது ஜெனரேட்டரைத் தொடுவதில்லை. பேட்டரி பக்கத்தில் 63 ஆம்ஸ் டிசி பியூஸ், 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள். சாதாரண ஏசி எம்சிபியை (கரண்ட் அதிகமானால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அங்கே போடவே கூடாது. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், துண்டிக்கும்போது எழும் தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அந்த வாய்ப்பு இல்லை.

முதலில் 20 ஆம்ஸில் தொடங்கி, ஜெனரேட்டர் சத்தம் சீராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மெல்ல 50-க்கு ஏற்றினோம். 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற 120 ஆம்பியர்-மணி வேண்டும். கணக்குப்படி இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வீட்டு லோடும் ஓடுவதால் மூன்று மணியைத் தாண்டும். ராத்திரி முழுக்க ஒரு ஃபேனுக்காகவும் ஃபிரிட்ஜுக்காகவும் ஜெனரேட்டரை ஓட்டிப் பெட்ரோலை வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் பக்கம் சந்துகள் குறுகல். படிக்கட்டுக்குக் கீழே ஜெனரேட்டரை வைத்துவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நாங்கள் மொட்டை மாடியில், கதவு ஜன்னலுக்கு எட்டாமல் வைக்கிறோம்.

மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் இப்போது ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான். சிங்கிள் பேஸில் உள்ளே போகும் கரண்ட், பேட்டரி வழியாக மூன்று பேஸாக வெளியே வந்து போர் மோட்டாரைச் சுற்றுகிறது.