பாதிப் பை காலியாகப் போகவேண்டும்

ஆடி அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு வழியாகச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வேன் வேனாகப் போகிறார்கள். கூரையில் அண்டா, அரிசி மூட்டை, தார்ப்பாய். லீவுக்கு வந்திருக்கும் நான் தார்சாவில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அமெரிக்காவில் கொலராடோவுக்குக் குடிபோன முதல் வருஷம் நானும் இப்படித்தான் காட்டுக்குப் போனேன்.

கூட வேலை பார்ப்பவர் அக்டோபரில் எல்க் வேட்டைக்குக் கூப்பிட்டார். எல்க் நம்ம மிளா மானுக்குப் பெரியண்ணன். நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோ இருக்கும். "சுடுவது நான், சுமக்க நீ வா" என்றார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "எய்யா, இங்க மிளாவத் தொட்டா ஜெயில்லா?" என்றாள். ஆமாம், இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் எடுத்தால் சுடலாம். ஆனால் தின்னக்கூடிய கறியைக் காட்டில் போட்டுவிட்டு வந்தால் குற்றம்.

என் பையில் இரண்டு போர்வை, ஈரிழைத் துண்டு, மூன்று பருத்திச் சட்டை, தூக்குவாளி நிறையப் புளியோதரை, ஐந்து லிட்டர் தண்ணீர். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பருத்தி வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது. 3000 மீட்டர் உயரத்தில் ராத்திரி அந்த ஈரமே ஆளை விறைக்க வைத்துவிடும். நம்ம அகத்தியர் மலையே 1868 மீட்டர்தானே! அதனால் உள்ளே கம்பளி நூல் சட்டை, மேலே இறகு அடைத்த கோட்டு, மழைக்கோட்டு. தண்ணீர் இரண்டு லிட்டர் போதும், ஓடையில் பிடித்துக்கொள்ள ஒரு வடிகட்டி. நெற்றி விளக்கு, மாற்று பேட்டரி, தீமூட்டி, முதலுதவி, வரைபடம், செல்போன் சிக்னல் இல்லாத இடத்துக்குச் செயற்கைக்கோள் கருவி. தூரத்துத் துப்பாக்கிக்காரர் கண்ணில் பட ஆரஞ்சு மேல்சட்டையும் தொப்பியும்.

புளியோதரை போன இடத்தில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வந்தது. கனம் கம்மி, தெம்பு அதிகம். அதை மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதியைத் தின்றதும் அவர்தான்.

மற்றபடி பாதிப் பை காலியாகவே கிளம்பியது. எதற்கென்று மூன்றாம் நாள் சாயங்காலம் புரிந்தது. ஒரே வெடி. அப்புறம்தான் வேலையே. சூடு இறங்காவிட்டால் கறி கெட்டுவிடும். உடனே தோலுரித்து, எலும்பைக் கழித்து, காற்றுப் போகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே புழுங்கிவிடும். கத்தி இரண்டு, ரப்பர் கையுறை, கயிறு எல்லாம் இதற்காகத்தான்.

எலும்பு நீக்கியும் தொண்ணூறு கிலோ தேறியது. ஆளுக்கு இரண்டு நடை. ஊரில் சும்மாடு வைத்துத் தலையில் சுமப்போம். அங்கே இடுப்புப் பட்டைதான் சும்மாடு. கனமானதை முதுகோடு ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் கட்டவேண்டும். கீழே தொங்கவிட்டால் ஏற்றத்தில் பின்னால் இழுக்கும். முதல் நடையில் தொங்கவிட்டேன், விழுந்தேன்.

நாளை மறுநாள் திரும்புகிறேன். பெட்டியில் ஓர் ஓரம் காலியாகக் கிடந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. உடன்குடி கருப்பட்டி சரி, கொடு என்றேன். ஈரிழைத் துண்டை மட்டும் எடுத்து வெளியே வைத்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி உள்ளே இருந்தது.