குடும்பிமலை அடிவாரத்தில் யூலோஃபியா

ஓர்கிட் பார்க்கப் போகிறேன் என்றால் நம்மவர்கள் உடனே நுவரெலியாவா, பேராதனையா என்று கேட்பார்கள். மட்டக்களப்பு வெயிலில், மாடு மேய்கிற பற்றைக்காட்டில் ஓர்கிட் பூக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். மரத்தில் தொங்குகிறதை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால் வந்த வினை. மண்ணில் வேர்விட்டு வளரும் ஓர்கிட்டுகளும் ஏராளம். அதிலும் வறண்ட காட்டுக்குச் சளைக்காத பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், யூலோஃபியா. ஆபிரிக்காவில்தான் அதற்குச் சொந்தபந்தம் அதிகம் என்றாலும், நம் காடுகளிலும் சில இனங்கள் உண்டு. பங்குனி மாதம் அதைத் தேடித்தான் கிரான் வழியாகக் குடும்பிமலைப் பக்கம் போனோம்.

பாதையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்ச தூரம் வட்டை, பெரும்போக அறுவடை முடிந்த வைக்கோல். அப்புறம் கிரவல் ரோட்டு, தூசி, பள்ளம், மறுபடி தூசி. 2007இல் தொப்பிகல என்று நாள்தோறும் செய்திகளில் அடிபட்டது இந்த மலைதான். நண்பனின் மாமா அந்தப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர். அவர் இல்லாமல் அந்தக் காட்டுக்குள் இறங்குவது புத்திசாலித்தனமல்ல. யானை லத்தியைத் தடியால் கிளறிப் பார்த்து, "இது ராத்திரிப் போட்டது, பயமில்ல, வாங்க" என்று முன்னே நடந்தார்.

முதல் செடி ஒரு சூரை முட்பற்றைக்குள் இருந்தது. இலை இல்லை. சருகுக்கு நடுவில் பாதி வெளியே தெரிகிற பச்சைக் குமிழ்கள் நாலைந்து. ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து இடுப்பளவுக்கு ஒரு மெல்லிய தண்டு. தண்டின் மேற்பாதியில் இடைவெளி விட்டுவிட்டுப் பூக்கள். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, நரிவெங்காயம்தானே? இதுக்கா இவ்வளவு தூரம் வந்த நீங்க?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, தூரத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நரிவெங்காயத்தை வெட்டினால் சமையல் வெங்காயத்தைப் போலவே ஏடு ஏடாகக் கழன்று வரும். அந்த ஏடுகளெல்லாம் இலையின் அடிப்பாகங்கள். யூலோஃபியாவின் குமிழ் அப்படியல்ல. அது தடித்துப்போன தண்டு. உள்ளே ஏடு கிடையாது, முழுக்கச் சதைதான். மேல்தோலில் விரலை ஓட்டினால் வட்டம் வட்டமாகக் கணுக்கள் தட்டுப்படும். பழைய இலையுறைகள் நார்நாராகக் காய்ந்து ஒட்டியிருக்கும். தாவரவியலில் இதைப் போலிக்குமிழ் என்பார்கள். மாரியில் மழையோடு இலை விட்டு, நீரையும் மாவுச்சத்தையும் இதில் சேர்த்துக்கொண்டு, கோடை தொடங்க இலையை உதிர்த்துவிட்டு, அந்தச் சேமிப்பை வைத்தே செடி பூக்கிறது. இலை இல்லாததைப் பார்த்து ஒட்டுண்ணியோ என்று சந்தேகிக்கத் தேவையில்லை.

பூ ஓர் அங்குலம் இருக்கும். மஞ்சள் கலந்த பச்சை இதழ்களில் ஊதா நரம்புக் கோடுகள். நடுவிலுள்ள உதட்டிதழ் மட்டும் வெள்ளை, அதிலும் ஊதாக் கீற்றுகள். கைலென்ஸை வைத்துப் பார்த்தேன்: உதட்டிதழின் மேல் நீளவாக்கில் மேடு மேடாக வரப்புகள், அடியில் பின்பக்கமாக ஒரு குட்டிக் கொம்பு. யூலோஃபியா இனங்கள் பலவற்றிலும் இந்த வரப்பும் கொம்பும் உண்டு. கொம்பைப் பார்த்தால் தேன் இருக்கும் என்று தேனீ நினைக்கும். இந்தப் பேரினத்தில் பெரும்பாலும் அது வெறுங்கொம்புதான். தென்னாபிரிக்காவில் ஆராய்ந்த பல இனங்கள் இப்படித் தேனீக்களை ஏமாற்றியே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்கின்றன.

ஏமாந்த தேனீ என்ன செய்யும் என்று மாமாவுக்குச் செய்து காட்டினேன். காய்ந்த புல் ஈர்க்கு ஒன்றை உதட்டின் மேலாக உள்ளே விட்டு மெல்ல வெளியே இழுத்தால், நுனியில் இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பூவின் மகரந்தம் முழுவதும் அவ்வளவுதான். தூளாகச் சிந்தாது. தேனீயின் முதுகில் பொதியாக ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். அந்தத் தேனீ இன்னொரு முறை ஏமாறாவிட்டால் பொதி வீண். "கள்ளப் பூ" என்றார் மாமா. சேதாரம் வேண்டாமென்று அந்தப் பொதியைப் பக்கத்துச் செடியின் பூவில் வைத்துவிட்டு வந்தேன்.

பாலை மரத்து நிழலில் பிளாஸ்கிலிருந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே செடியின் பெயர்க்கதையைச் சொன்னேன். இது யூலோஃபியா எபிடென்ட்ரியா. இதை விஞ்ஞான உலகுக்குக் கொண்டுவந்தவர் கோனிக். லின்னேயஸின் மாணவர், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த வைத்தியர். அவர் இறந்த பின், 1791இல், சுவீடனின் ரெட்சியஸ் அதைச் செராப்பியாஸ் என்ற ஐரோப்பியப் பேரினத்துக்குள் போட்டு அச்சிட்டார். தாவரவியலாளர் ரொக்ஸ்பர்க் அதை லிமோடோரம் என்ற வேறொரு பேரினத்துக்குள் போட்டார். யூலோஃபியா என்ற பேரினத்தை ரொபர்ட் பிரவுண் அமைத்ததே 1821இல்தான். இப்போதுள்ள பெயரை 1928இல் ஃபிஷர் வைத்தார். இத்தனை காலமும் செடி சூரைப் பற்றைக்குள்ளேயே இருந்திருக்கிறது. மாடு வாய்வைக்க முடியாத இடத்தில்தான் பூத்தண்டு முழுசாகத் தப்பும் என்பது என் ஊகம்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. டி.என்.ஏ வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், தனித்தனிப் பேரினங்கள் என்று எண்ணியிருந்த சில யூலோஃபியாவின் கிளைகளுக்கு இடையிலேயே முளைத்திருப்பது தெரிந்தது. அதனால் 2021இல் மார்க் சேஸும் கூட்டாளிகளும் ஜியோடோரம், ஓசியோகிளேட்ஸ் உட்பட ஆறு பேரினங்களை இதற்குள் சேர்த்தார்கள். வம்சாவளிப்படி அது சரி. ஆனால் காட்டில் நிற்பவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பேன். குமிழ் மண்ணுக்கு மேலேயா கீழேயா, இலை புல்லாட்டம் ஒடுங்கியதா மடிப்பு விழுந்த அகலமா, பூத்தண்டு நிமிர்ந்ததா வளைந்ததா என்று பார்ப்பதுதான் அங்கே கைகொடுக்கும்.

"ஒரு கிழங்கைக் கிண்டித் தரட்டா? வீட்டில நடலாம்" என்று மாமா கத்தியை எடுத்தார். வேண்டாம் என்றேன். காட்டிலிருந்து தோண்டி வந்ததைச் சட்டியில் வைத்து, கோடையிலும் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தவர்களை எனக்குத் தெரியும். விதை போட்டு முளைக்க வைப்பதும் லேசல்ல. வெடித்த காய் ஒன்றைத் தட்டியபோது முகப்பவுடர் மாதிரிப் பறந்தது. அத்தனையும் விதை, ஆனால் எதிலும் முளைசூழ்தசை, அதாவது முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு, இல்லை. மண்ணில் ஏற்ற பூஞ்சை ஒன்று உள்ளே புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். இதே பேரினத்தின் கிராமினியா என்ற ஆசிய இனம் 2007இல் மயாமியில் தலைகாட்டி, பூந்தோட்டங்களில் போடும் மரச்செதிலில்கூடக் களையாகப் பரவிவிட்டது. ஆக பிடித்துப்போனால் பிடித்ததுதான். ஆனால் அந்த இடத்தை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது.

திரும்பும் வழியில், நீரோடைக் கரையில், மாமாதான் இன்னொன்றைக் காட்டினார். மண்ணுக்குள் பாதி புதைந்த கிழங்கு, மடிப்புள்ள இலையின் சருகு, காய் வெடித்து நிமிர்ந்து நின்ற காய்ந்த தண்டு. ஜியோடோரமாக இருக்கலாம். அதன் பூத்தண்டு பூக்கும்போது தலைகவிழ்ந்து நிற்கும். காய் பிடித்த பிறகோ நேராக நிமிர்ந்துவிடும். அதனால் காய்ந்த தண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2021 திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் இரண்டும் யூலோஃபியாதான், குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். எந்த இனம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மாரியில் இலையையாவது பார்த்துவிட வேண்டும். "மறுகா வாங்க, காட்டுறன்" என்று மாமா சொல்லியிருக்கிறார். ஆனால் மழை கடுமையானால் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும், தோணியில்தான் கடக்க வேண்டும்.