ஹால் டிக்கெட்டை ஜெபத்துக்குக் கொடுப்பதற்கு முன்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு அறிவிப்பு வெளியானதும் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகள் பெருகிவிடும். தேர்வு நெருங்கும்போது ஹால் டிக்கெட்டை ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், நீட்டுவார்கள். அவரும் ஒவ்வொன்றின் மேலும் கைவைத்து ஜெபித்துத் திருப்பிக் கொடுப்பார். நானும் கொடுத்திருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்துவிட்டு வருகிற தம்பியிடம், "தமிழில் எந்தப் பகுதி இன்னும் பாக்கி?" என்று கேட்டால் விழிக்கிறான். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் அக்கா" என்கிறான். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது எனக்கும் நம்பிக்கைதான். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நமக்குப் பதிலாக அவர் படிப்பார் என்று வேதத்தில் எங்கும் வாசித்த ஞாபகம் இல்லை.

ஓய்வுநாள் பள்ளியில் தானியேலைச் சிங்கக் கெபியோடு அறிமுகப்படுத்தி அதோடு விட்டுவிடுகிறோம். வேதத்தில் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரமே ஒரு படிப்பைப் பற்றியது. சிறைபிடித்துக் கொண்டுவந்த யூத வாலிபர்களுக்குக் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றுக்கொடுக்கப் பாபிலோன் ராஜா ஏற்பாடு செய்கிறான். பயிற்சிக் காலம் மூன்று வருஷம். ராஜாவின் சாப்பாட்டை வேண்டாம் என்ற தானியேலும் அவன் தோழர் மூவரும் ராஜாவின் பாடத்திட்டத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. எருசலேமை முற்றுகையிட்டவனுடைய மொழியை உட்கார்ந்து படித்தார்கள். அவர்களுக்கு அறிவைக் கொடுத்தது தேவன் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. அதற்காக மூன்று வருஷத்தை மூன்று மாதமாகக் குறைத்துக் கொடுத்தார் என்று சொல்லவில்லை.

நான் எழுதியது 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வு. சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, கணக்கும் திறனறிவும் சேர்ந்து 25. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதற்குப் பிறகு பாடத்திட்டத்தில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆகவே புதிய அறிவிப்பைத் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து நீங்களே எடுத்து வரி விடாமல் படியுங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற சுருக்கத்தை நம்பி ஆறு மாதம் படித்துவிட்டுக் கடைசியில் தலையில் கைவைக்கிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அப்போது திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் இடத்தில் வேலை. காலையில் போனால் இரவு கடை அடைத்துத்தான் வர முடியும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்றால் சாப்பிடவே நேரம் கிடைக்காது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான். எங்கிருந்து எடுக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சம்பளம் வாங்குகிற நேரத்திலிருந்து திருடி எடுக்கக் கூடாது.

இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிக்கிறார்கள். மேசை இழுப்பறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் திறப்பது, வந்ததும் மூடுவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. "அவர் கொடுக்கிற சம்பளத்துக்கு இது போதும்" என்ற நியாயமும் தயாராக இருக்கும். சம்பளம் குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பவுல் கொலோசெ சபைக்கு எழுதியபோது, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்ற வசனத்தை யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கவனியுங்கள். சம்பளமே இல்லாத அடிமைகளைப் பார்த்துச் சொன்னார். அதற்குச் சற்று முன்பே 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்' என்று வருகிறது. முதலாளியின் கண்ணுக்கு ஒரு வேலை, கண் மறைந்தால் ஒரு வேலை என்பது அன்றைக்கே இருந்த வியாதி. அடிமைமுறையை நியாயப்படுத்த இந்த வசனத்தை எடுத்தவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் தன் எஜமானை நேசிக்க எந்தக் காரணமும் இல்லாத ஒருவனுக்கு, உன் கைவேலையை வாங்கிக்கொள்கிறவர் வேறு ஒருவர் என்று சொன்னது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் கடை முதலாளி அண்ணாச்சியிடம் நேராகப் போய்க் கேட்டேன். மதியம் இரண்டரைக்கு மேல் நான்கு மணி வரை கூட்டம் இருக்காது, அப்போது படித்துக்கொள்ளலாமா என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆள் வந்தால் புத்தகம் மூடியிருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இழுப்பறை தேவைப்படவில்லை. புத்தகம் மேசை மேலேயே இருந்தது. எல்லா முதலாளியும் சம்மதிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சம்மதிக்காவிட்டால் அதிகாலைதான் வழி. பயந்து பயந்து ஒரு மணி நேரம் படிப்பதைவிட, விடிவதற்கு முன் நிம்மதியாக முக்கால் மணி நேரம் படித்தால் நான்கு பாடம் கூடுதலாக மண்டையில் ஏறும். இது பக்தியில் சொல்வதல்ல, அனுபவத்தில் சொல்வது.

கடை வேலையே எனக்குப் படிப்பும் சொல்லிக்கொடுத்தது. இரவு பில் தொகையும் கல்லாவில் இருக்கிற பணமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாற்பது ரூபாய் இடிக்கும். கையிலிருந்து போட்டுச் சமன் செய்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த நாற்பது ரூபாய்க்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. பில் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினால், யாரோ மாற்றிக்கொண்டு போன ஜாக்கெட் துணியின் விலை வித்தியாசத்தைப் பதியாமல் விட்டிருப்பது தெரியும். சமன் செய்தால் கணக்கு முடியும், தவறு அப்படியே இருக்கும். தேடினால் தவறு முடியும்.

மாதிரித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் புத்திதான் வேண்டும். பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து எழுதி நாமே திருத்தும்போது என்ன நடக்கிறது? "இது தெரிந்த விடைதான், அவசரத்தில் மாற்றிக் குறித்துவிட்டேன்" என்று ஒரு சரி. "இரண்டில் ஒன்றாக யோசித்தேன், மற்றது சரியாக இருந்தது" என்று இன்னொரு சரி. கூட்டிப் பார்த்தால் 160 வருகிறது. உண்மையில் 148. அந்தப் பன்னிரண்டு கேள்விகளும் உண்மையான தேர்விலும் இதே போலத்தான் போகும், அங்கே திருத்துகிற இயந்திரத்துக்கு நம்மீது இரக்கம் கிடையாது. யாருமே பார்க்காத இடத்தில் தன் தாளைத் தானே நேர்மையாகத் திருத்துகிறவன், அன்று காலை எவ்வளவு நேரம் முழங்காலில் நின்றான் என்பதை நான் கேட்க மாட்டேன். அவன் ஆராதனை செய்துகொண்டிருக்கிறான் என்றே நினைக்கிறேன்.

கணக்கில் ஒரே ஒரு உதாரணம். ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிப்பார் என்றால், இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள்? 9 என்று ஒரு விடை கொடுத்திருப்பார்கள். நிறையப் பேர் அதைத்தான் குறிக்கிறார்கள். ஒருவரே 6 நாளில் முடிக்கிற வேலைக்கு இன்னொருவர் கைகொடுத்தால் எப்படி 9 நாள் ஆகும்? ஒரு நாளில் முதலாமவர் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாமவர் ஆறில் ஒரு பங்கு. சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு. ஆக 4 நாள். குறுக்குவழிச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு, ஆளின் எண்ணிக்கையை மூன்றாக்கினால் கை ஓடாது. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ள பயிற்சிகளை ஒன்றுவிடாமல் போட்டவன் பயப்பட மாட்டான்.

தமிழ்ப் பகுதியில் நம் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை என்று கிறிஸ்தவத் தமிழறிஞர்களைப் பற்றி மேடையில் பெருமை பேசுவோம். வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கு எத்தனை காண்டம் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். அவருடைய சதுரகராதி 1732. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856. நம் ஆட்கள் என்று சொந்தம் கொண்டாடுகிற பாடத்திலேயே மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவதை என்னவென்று சொல்வது!

அவர்களைப் படிக்கும்போது ஆண்டுகளை மட்டும் பார்க்காமல் இடைவெளிகளையும் பாருங்கள். போப் தமிழ்நாட்டுக்கு வந்தது 1839. அவர் மொழிபெயர்த்த திருக்குறள் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1886. திருவாசக மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1900, அப்போது அவருக்கு வயது எண்பது. ஒரு கிறிஸ்தவப் போதகர், சைவர்கள் கண்ணீர் மல்க ஓதுகிற நூலை, அதற்குரிய மரியாதையோடு அந்த வயதில் முடித்திருக்கிறார். கால்டுவெல் இடையன்குடியில் எழுப்பிய ஆலயத்தின் வேலை பல பத்தாண்டுகள் நீண்டு 1880-ல் முடிந்தது. நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாடமும் மனதில் நிற்கும்.

தேர்வு நாளைப் பற்றி. 2022-ல் நடந்ததும் ஞாயிறு, 2024 ஜூன் 9-ம் ஞாயிறுதான். ஆராதனையை விட்டுவிட்டுப் போவது பாவமா என்று ஒவ்வொரு முறையும் ஒரு தங்கையாவது கேட்கிறாள். அதிகாலை ஆராதனை இருக்கிற சபை என்றால் அதற்குப் போங்கள். இல்லாவிட்டால் தேர்வுக்குப் போங்கள். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடுவதை ஆண்டவர் தடுக்கவில்லை.

கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா இரண்டு கொண்டுபோங்கள். விடைத்தாளில் ஏ, பி, சி, டி என்ற நான்கோடு இ என்று ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கும். விடை தெரியவில்லை என்பதற்கு அது. எதையும் நிரப்பாமல் விடக் கூடாது. எழுதி முடித்தபின் எத்தனை ஏ, எத்தனை பி என்று ஐந்தையும் தனித்தனியாக எண்ணி அதற்குரிய கட்டத்தில் குறிக்க வேண்டும். கூட்டினால் 200 வர வேண்டும். கல்லா கணக்கு பார்த்த எனக்கு அது பழகிய வேலை. பழகாதவர்கள் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே இந்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பழகிவிடுங்கள். கடைசி நேரப் பதற்றத்தில் அறுபது வரை கூட ஒழுங்காக எண்ண வராது.

தெரியாத கேள்விக்கு உத்தேசமாக ஒன்றைக் குறிப்பது பொய்யாகுமா? இதையும் கேட்கிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, விதி அனுமதிக்கிறது, ஆகவே பொய்யில்லை. சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்ற நீதிமொழியை ஒரு தம்பி இதற்கு ஆதாரமாகக் காட்டினான். இருபது கேள்விக்கு அப்படிச் செய்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் நூற்றிருபது கேள்விக்கும் சீட்டுப் போடுகிற திட்டத்தில் இருந்தான்.

2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்து, விடைத்தாள்கள் கொண்டுபோகப்படும் வழியில் சரியான விடைகளை எழுதச் செய்திருந்தார்கள். 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிற ஆள் சபைக்குள்ளிருந்தே வரலாம், தோத்திரம் சொல்லிக்கொண்டே வரலாம். எழுந்து போய்விடுங்கள்.

முடிவு வந்த ஞாயிறு, தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் முன்னால் அழைத்துச் சாட்சி சொல்லச் செய்வது எங்கள் சபையில் வெகுநாள் வழக்கம். நான் நின்றபோது, என்னைவிட ஒழுங்காகப் படித்த ஒரு தோழி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லட்சக்கணக்கானோர் எழுதி சில ஆயிரம் பேரை எடுக்கிற தேர்வில் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது; அது எளிய கணக்கு. கிடைத்தவனைக் கர்த்தர் கனப்படுத்தினார் என்று சொன்னால் கிடைக்காதவளை என்ன செய்தார் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? இதை ஐயரிடம் சொன்னேன். இப்போது எழுதிய எல்லோருடைய பெயரையும் வாசித்து, அவர்கள் உழைப்புக்காக ஸ்தோத்திரம் சொல்கிறார். தோழி பின்னால் வேறொரு தேர்வில் வேலைக்குப் போனாள். போகாமல் இருந்திருந்தாலும் நான் இதையே எழுதியிருப்பேன்.

வேலை கிடைத்தவர்களுக்கு இன்னொன்று. அலுவலகத்தில் தன்பதிவேடு என்று ஒன்று கொடுப்பார்கள். வருகிற ஒவ்வொரு மனுவையும் அதில் பதிந்து, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று எழுதி, குறித்த நாளில் கண்காணிப்பாளருக்குக் காட்ட வேண்டும். 'பார்வையில் உள்ளது' என்று எழுதி ஒரு மனுவை மாதக்கணக்கில் உறங்கவைக்க அங்கே எல்லா வசதியும் இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளமும் வந்துவிடும். கடையில் அண்ணாச்சியாவது அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

சனிக்கிழமை மாலைகளில் சபைக் கூடத்தில் பழைய வினாத்தாள் வைத்து எழுதுகிறோம். எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்பதில்லை. கறுப்புப் பேனா கொண்டுவாருங்கள். உங்கள் தாளைப் பக்கத்தில் இருப்பவர்தான் திருத்துவார்.