ஒரு மூச்சில் எத்தனை

இலங்கையின் வன்னியில் இரவு வேலை பார்க்கும் தாதிக்கு, விடியற்புறம் இமை சரிந்து வரும் ஆளைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது பாம்புதான். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் பல்லுத் தடம்கூடச் சரியாகத் தெரியாது. வயிறு வலிக்கும், இமை விழும், பிறகுதான் கைகால். நரம்பு தாக்கப்பட்டுக் கைகால் செயலிழக்கும் கில்லன் பாரே நோய் பெரும்பாலும் மறுபக்கமாக ஏறும்: காலில் தொடங்கிக் கை, முகம், மூச்சு என்று. "போன கிழமைகளில வயித்தோட்டம் இருந்ததோ?" என்று கேட்பது அதனால்தான். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கம்பைலோபக்டர் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், சாயல் ஒத்துப்போவதால் சொந்த நரம்பையே தாக்கிவிடும்.

எங்கள் வாட்டில் இதற்கான முதல் பரிசோதனைக்குக் காசே இல்லை. "ஐயா, நல்லா மூச்சை இழுத்துப்போட்டு, ஒரே மூச்சில எண்ணுங்கோ." காலையில் முப்பதுவரை போனவர் மத்தியானம் இருபதைத் தொடாவிட்டால் உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும், அம்புலன்ஸ் பேச்சும் அப்போதே. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லியும் பார்ப்போம். கழுத்து தளர்ந்தால் மூச்சுத் தசையும் தளர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி அப்போதும் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதை மட்டும் நம்பி இருந்தால் போச்சு.

ஸ்டீரொய்ட் இந்த நோய்க்கு உதவாது. இரத்ததானம் செய்தவர்களின் பிறபொருளெதிரிகளைத் திரட்டிய இம்யூனோகுளோபுலின் மருந்தை ஐந்து நாள் ஏற்றுவோம். ஆறாம் நாளும் கால் அசையவில்லை என்றால் தாய்மார் கட்டிலடியில் வந்து நிற்பார்கள்: "மிஸ், இன்னொருக்கா அந்த மருந்தைப் போட ஏலாதோ?" பல நாடுகளில் வைத்தியர்களும் அப்படித்தான் போட்டுப் பார்த்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள், தேறும் வாய்ப்புக் குறைந்த 93 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். இரண்டாவது தடவையால் பலன் இல்லை. இரத்தக்கட்டி போன்ற ஆபத்துகள்தான் கூடின. ஒரு மருந்து வேண்டாம் என்று சொல்லும் ஆய்வுக்குப் பெரிதாக யாரும் கைதட்டுவதில்லை. எனக்கோ அதைவிட உதவிய ஆய்வு குறைவு.

அதிலும் 2023இல் நாட்டுக்குள் தரமற்ற இம்யூனோகுளோபுலின் பிடிபட்டு, அடுத்த வருசம் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதான பிறகு, குப்பியை உடைக்கும்போதே சனம் லேபலைப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

2024இல் இன்னொரு மருந்தின் முடிவு வந்தது. பிறபொருளெதிரிகளோடு சேர்ந்து நரம்பைச் சிதைக்கும் இரத்தப் புரதங்களின் வரிசையான கொம்ப்ளிமென்ட் சங்கிலியின் முதல் கண்ணியான சி1கியூவை அது தடுக்கிறது. ஒரே தடவை ஏற்றினால் போதும். 241 பேரில் செய்த ஆய்வில், மருந்து பெற்றவர்கள் 8ஆம் வாரத்தில் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஆய்வு நடந்தது வங்காளதேசத்திலும் பிலிப்பைன்ஸிலும். இம்யூனோகுளோபுலின் வாங்க வழியில்லாத நோயாளிகள் அங்கே நிறையப் பேர். மருந்தே இல்லாத வெற்றுத் திரவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததும் அதனால்தான். மருந்து சந்தைக்கு வந்தபின் அதே சனத்துக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

என் மனம் டாக்காவில் செய்த சின்ன ஆய்வில்தான் நிற்கிறது. நரம்பைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் இருக்கும் இரத்த நீரான பிளாஸ்மாவை மாற்றும் இயந்திரம் இல்லாமல், நோயாளியின் இரத்தத்தைப் பையில் எடுத்துக் கட்டிலருகே தொங்கவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் செங்கலங்கள் தாமாகவே அடியில் படியும். மேலே நிற்கும் பிளாஸ்மாவை அகற்றிவிட்டு, கலங்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள். 20 பேருக்கு, 8 நாளுக்குள் முடியும்படி செய்து 2018இல் எழுதினார்கள். ஒப்பிட வேறொரு குழு இல்லாததால், இம்யூனோகுளோபுலினுக்கு ஈடென்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. செய்யக்கூடியது, பெரிய ஆபத்தில்லாதது என்றளவில் சரி.

இங்கே செய்வதென்றால் என்ன வேண்டும் என்று ஒருநாள் தேநீர் வேளையில் கணக்குப் பார்த்தோம். அகற்றியதற்கு ஈடாக ஏற்ற இரத்த வங்கியிலிருந்து உறைநிலைப் பிளாஸ்மா, பெரிய நாளத்தில் குழாய் போடத் தெரிந்த வைத்தியர், பை படியும்வரை கட்டிலை விட்டு அசையாத ஒரு தாதி. முதல் இரண்டுக்கும் வழி தேடலாம். மூன்றாவதற்கு ஆள் எடுத்தால்தான் உண்டு.