குபர்நெட்டிஸ் கிளஸ்டர் முழுக்க லேபிள் போட்ட அனுபவம்

பல கணினிகளில் புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ்; அந்தக் கணினிகளின் கூட்டம்தான் கிளஸ்டர். எங்கள் கிளஸ்டரில் ஓடுவதற்கெல்லாம் லேபிள், அதாவது ‘டீம்=பில்லிங்’ போல ஒரு கீயும் வேல்யூவும் கொண்ட குறிப்பு, போட வேண்டும் என்ற பேச்சு கிளவுட் பில்லில் இருந்துதான் கிளம்பியது. மாதச் செலவு ஏறிக்கொண்டே போனது. எந்த டீம் எவ்வளவு சிபியூ, எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கேட்டால், நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பெயர் வைத்துப் பிரித்த பகுதி) வாரியாக மட்டுமே எங்களால் சொல்ல முடிந்தது. ஒரே நேம்ஸ்பேஸில் பல டீம்களின் சர்வீஸ்கள் கலந்து கிடந்ததால் அந்தக் கணக்கு யாருக்கும் உதவவில்லை. ராத்திரி அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிடுவது என்பதிலும் இதே குழப்பம்.

பெயரிலேயே டீம், சூழல், பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூகுளுக்குள் ஓடும் போர்க் என்ற அமைப்பு இதே வழியில் போய்த்தான் கஷ்டப்பட்டது. அங்கே ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ‘ஜாப்’ என்ற ஒரே வகை இருந்ததால், ஆட்கள் எல்லா விவரத்தையும் ஜாப் பெயருக்குள் திணித்தார்கள். பிறகு அந்தப் பெயரைப் பிரித்துப் படிக்கத் தனியாகக் கருவி எழுதினார்கள். 2015இல் போர்க் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையே இதை ஒரு குறையாகச் சொல்லி, அதனால்தான் குபர்நெட்டிஸ் லேபிள்களை வைத்துப் பாட்களை, அதாவது புரோகிராமின் ஓடும் நகல்களை, ஒன்று சேர்க்கிறது என்று விளக்குகிறது. இதைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிக்கும் கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கியூப்சிடிஎல் என்பது குபர்நெட்டிஸோடு பேசும் கருவி; டிப்ளாய்மென்ட் என்பது ஒரு புரோகிராமின் பாட்கள் எப்படி, எத்தனை ஓட வேண்டும் என்று சொல்வது. முதல் வேலை, எதற்கெல்லாம் லேபிள் இல்லை என்று பார்ப்பது:

கியூப்சிடிஎல் கெட் டிப்ளாய்மென்ட் -ஏ -எல் '!டீம்'

டீம் என்ற கீ இல்லாத டிப்ளாய்மென்ட் அத்தனையும் வந்துவிடும். அந்த ஒற்றை மேற்கோள் குறிகள் முக்கியம். அவை இல்லாவிட்டால் டெர்மினலில் ஓடும் பாஷ் ஷெல் ஆச்சரியக்குறியைப் பழைய கமாண்டை அழைக்கும் தன் ஹிஸ்டரிக் குறியாக எடுத்துக்கொள்ளும். வேலை முடியும்வரை இந்த ஒரே கமாண்டுதான் எங்கள் அளவுகோல். பட்டியல் காலியானால் முடிந்தது என்று அர்த்தம்.

இதே இடத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 'டீம்!=பில்லிங்' என்று தேடினால் வேறு டீமின் பாட்கள் மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். டீம் என்ற லேபிளே இல்லாதவையும் அதோடு சேர்ந்து வரும். ‘நாட்இன்’ போட்டாலும் அப்படித்தான். தேடிப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தத் தேடல் நிபந்தனையை, அதாவது செலக்டரை, டெலீட் கமாண்டில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எந்தச் செலக்டரையும் முதலில் கெட்டில் ஓட்டி, கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற கமாண்டுகளில் போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

என்னென்ன கீ வைப்பது என்று பேசியதுதான் அதிக நேரம் எடுத்தது. குபர்நெட்டிஸ் பரிந்துரைக்கும் பொதுவான கீகள் ஏற்கெனவே இருக்கின்றன: ஆப்.குபர்நெட்டிஸ்.ஐஓ என்ற முன்னொட்டோடு நேம், இன்ஸ்டன்ஸ், வெர்ஷன், காம்போனென்ட், பார்ட்-ஆஃப், மேனேஜ்ட்-பை. பொருந்துகிற இடத்தில் அவற்றையே எடுத்துக்கொண்டு, டீமுக்கும் செலவுக் கணக்குக்கும் மட்டும் எங்கள் டொமைன் பெயரை முன்னொட்டாக வைத்து இரண்டு கீ சேர்த்தோம். இங்கே எளிமைக்காக வெறும் டீம் என்று எழுதுகிறேன்.

வேல்யூவில்தான் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். பொறுப்பாளரின் மெயில் ஐடியையே போடலாமே என்றார் ஒருவர். முடியாது. லேபிள் வேல்யூ 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும்; ஆங்கில எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு, அடிக்கோடு மட்டும்தான் வரலாம்; முதலும் கடைசியும் எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும். மெயிலில் வரும் அட் குறிக்கு இடமில்லை. இடைவெளிக்கும் தமிழ் எழுத்துக்கும்கூட இடமில்லை. இந்த மாதிரி விவரங்களுக்கு அனோடேஷன் இருக்கிறது. அதில் மெயில் ஐடி, டாக்குமென்ட் லிங்க், தமிழில் ஒரு குறிப்பு, எது வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அதை வைத்து லேபிள் போல வடிகட்டித் தேட முடியாது. தேட வேண்டியது லேபிளுக்கு, படிக்க வேண்டியது அனோடேஷனுக்கு என்று பிரித்ததும் சண்டை அடங்கியது.

அப்புறம் போடும் வேலை. கமாண்ட் எளிமையானதுதான்:

கியூப்சிடிஎல் லேபிள் டிப்ளாய்மென்ட் -எல் ஆப்=பேமென்ட் டீம்=பில்லிங் --டிரை-ரன்=சர்வர்

டிரை-ரன்னில் சர்வர் என்று கொடுத்தால், கமாண்டைப் பெறும் ஏபிஐ சர்வர் தன் சோதனைகளையெல்லாம் செய்துவிட்டு, எதையும் சேமிக்காமல் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். அந்தக் கீக்கு ஏற்கெனவே வேறு வேல்யூ இருந்தால் கமாண்ட் மறுத்துவிடும். ஓவர்ரைட் கொடுத்தால்தான் மாற்றும். எங்கள் ஸ்கிரிப்ட் எதிலும் ஓவர்ரைட் இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த மறுப்புதான் ‘இது ஏற்கெனவே வேறு யாருடையதோ’ என்று நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. வேண்டாத லேபிளை எடுக்க, கீயின் கடைசியில் ஒரு கழித்தல் குறி போதும்: டீம்-

கமாண்டில் வகையின் இடத்தில் ‘ஆல்’ என்று கொடுத்தால் எல்லாவற்றுக்கும் விழுந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கான்ஃபிக்மேப் (செட்டிங்குகள்), சீக்ரெட் (ரகசியங்கள்), இன்கிரெஸ் (வெளியிலிருந்து வரும் டிராஃபிக்கின் வழி), வால்யூம் கிளெய்ம் (டிஸ்க் இடம் கேட்பது) எதுவும் அந்த ‘ஆல்’லில் இல்லை. ஒவ்வொரு வகையையும் பெயர் சொல்லிக் கொடுத்தோம்.

டிப்ளாய்மென்ட்டுக்கெல்லாம் லேபிள் விழுந்த பிறகும் செலவு ரிப்போர்ட் மாறவில்லை. இது எதிர்பார்த்ததுதான். டிப்ளாய்மென்ட்டின் மேல் போடும் லேபிள் அதற்குக் கீழே ஓடும் பாட்களுக்கு இறங்காது. பாட்கள் தங்கள் லேபிளை டிப்ளாய்மென்ட்டுக்குள் இருக்கும் டெம்ப்ளேட்டில் இருந்து எடுக்கின்றன. செலவுக் கருவி பார்ப்பதோ பாட்களின் லேபிளை. டெம்ப்ளேட்டைத் தொட்டால் எல்லாப் பாட்களும் புதிதாக எழும்பும். அதை எல்லா டீமுக்கும் ஒரே நாளில் செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள், செய்யவும் கூடாது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்களுக்குக் கமாண்ட் லைனில் நேரடியாக லேபிள் போட்டோம். புதிய கீ, எந்தச் செலக்டரும் அதைத் தேடவில்லை என்பதால் எதுவும் அசையவில்லை. ரிப்போர்ட் மட்டும் அன்றே நிரம்பத் தொடங்கியது. ஒவ்வொரு டீமும் தங்கள் அடுத்த ரிலீஸில் டிப்ளாய்மென்ட்டை எழுதி வைத்திருக்கும் யாமல் ஃபைலின் டெம்ப்ளேட்டில் அதே வரியைச் சேர்த்துக்கொண்டார்கள். கையால் போட்டது அந்தப் பாட் இருக்கும்வரை மட்டும். நிலையாக நிற்பது டெம்ப்ளேட்டில் இருப்பதுதான்.

சேர்க்கும்போது சிலர் டிப்ளாய்மென்ட்டின் செலக்டரிலும் புது லேபிளை எழுதிவிட்டு, எர்ரர் வருகிறது என்று வந்தார்கள். டிப்ளாய்மென்ட்டுக்கான ஏபிஐ பதிப்பான ஆப்ஸ்/வி1இல் அந்தச் செலக்டரை உருவாக்கிய பின் மாற்ற முடியாது. அதைத் தொடவே தேவையில்லை.

ஏற்கெனவே இருக்கும் லேபிளை மாற்றுவது இதிலிருந்து முற்றிலும் வேறு வேலை. அது பெட்டிமேல் ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை, கரண்ட் ஓடும் ஒயர். டிராஃபிக்கைப் பாட்களுக்குப் பகிரும் குபர்நெட்டிஸ் சர்வீஸ், எந்தப் பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று லேபிளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. டிப்ளாய்மென்ட்டின் கீழே பாட்களின் எண்ணிக்கையைக் காக்கும் ரெப்ளிகாசெட், எத்தனை பாட் இருக்கிறது என்று எண்ணுவதும் லேபிளைப் பார்த்துத்தான். இது சரியாகப் புரிந்தால் நல்ல ஆயுதமாகவும் ஆகும். இந்த வேலைக்கு நடுவே ஒரு சர்வீஸின் பாட்களில் ஒன்றில் மட்டும் மெமரி நிற்காமல் ஏறியது. ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும். விட்டால் பயனாளர்களுக்குத் தொல்லை. அந்த ஒரு பாட்டின் ஆப் லேபிளை மட்டும் மாற்றினோம்:

கியூப்சிடிஎல் லேபிள் பாட் பேமென்ட்-எக்ஸ்7கே2 ஆப்=பேமென்ட்-டீபக் --ஓவர்ரைட்

கையால், ஒரு பாட்டுக்கு, பெயர் சொல்லி என்பதால் இங்கே ஓவர்ரைட் சரி. உடனே சர்வீஸ் டிராஃபிக் அனுப்பும் எண்ட்பாயின்ட் பட்டியலில் இருந்து அது விலகியது. ரெப்ளிகாசெட் தன் எண்ணிக்கையில் ஒன்று குறைவதைப் பார்த்துப் புதிய பாட்டை எழுப்பியது. பழையது யாருக்கும் சொந்தமில்லாமல், ஆனால் உயிரோடு நின்றது. நிதானமாக உள்ளே போய் ஹீப் டம்ப் (மெமரியின் நகல்) எடுத்தோம். வேலை முடிந்ததும் நாமேதான் டெலீட் செய்ய வேண்டும். வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

இதைச் செய்வதற்கு முன்னால் சர்வீஸ், ரெப்ளிகாசெட் இரண்டின் செலக்டரையும் ‘-ஓ வைட்’ கொடுத்துப் பார்ப்பது அவசியம். இரண்டும் வேறு கீகளைத் தேடலாம். சர்வீஸ் தேடும் கீயை மட்டும் மாற்றினால் டிராஃபிக் நிற்கும், மாற்றுப் பாட் எழும்பாது. ஒரு பாட் குறைவாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

நேம்ஸ்பேஸ் லேபிளும் இதே போல வலுவானது. பாட்-செக்யூரிட்டி.குபர்நெட்டிஸ்.ஐஓ/என்ஃபோர்ஸ் என்ற லேபிளுக்கு ரெஸ்ட்ரிக்டட் என்று வேல்யூ கொடுத்தால், அந்தக் கண்டிப்பான பாதுகாப்பு விதிக்குப் பொருந்தாத பாட் எதையும் அந்த நேம்ஸ்பேஸில் புதிதாக உருவாக்க முடியாது. 2022இல் வந்த 1.25 பதிப்பில் இது நிலையான வசதியானது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் டிரை-ரன். சர்வர் டிரை-ரன்னோடு லேபிள் கமாண்டை ஓட்டினால், ஏற்கெனவே ஓடுபவற்றில் எந்தெந்தப் பாட்கள் எந்த விதியை மீறுகின்றன என்று வார்னிங் வரும். எதையும் மாற்றாமலே ஒரு தணிக்கை கிடைக்கிறது. எங்கள் செக்யூரிட்டி டீம் அந்த அவுட்புட்டையே வேலைப் பட்டியலாக எடுத்துக்கொண்டது.

நோடுகளில், அதாவது பாட்கள் ஓடும் கணினிகளில், அதிகம் செய்யவில்லை. தேவைக்கேற்ப நோடுகளைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் ஒரு நோடை மாற்றினால் கையால் போட்ட லேபிளும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஒரே மாதிரி நோடுகளின் தொகுப்பான நோட் பூலின் செட்டிங்கிலேயே எழுதச் சொன்னோம்.

கடைசியாக மிஞ்சியது டேட்டாபேஸ்களின் வால்யூம் கிளெய்ம்கள். அவை டேட்டாவை வைத்திருக்கும் பாட்களுக்கான ஸ்டேட்ஃபுல்செட்டில் இருந்து பிறந்தவை. அதன் வால்யூம் கிளெய்ம் டெம்ப்ளேட்டைப் பிறகு மாற்ற அனுமதி கிடையாது. யாமலில் திருத்தி அப்ளை செய்யும் வழி இங்கே அடைபட்டிருந்தது, அதனால் கமாண்ட் லைனில் நேரடியாகப் போட்டோம். இவை பாட்கள் போல அடிக்கடி மாறுவதில்லை என்பதால் கையால் போட்டாலும் நிற்கும். ஸ்டேட்ஃபுல்செட்டில் ரெப்ளிகா (பாட் எண்ணிக்கை) கூட்டினால் புதிதாக வரும் கிளெய்முக்கு மட்டும் லேபிள் இருக்காது. அதற்காகத்தான் ‘!டீம்’ தேடலைக் கிளெய்ம்களுக்கும் சேர்த்து வாராவாரம் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். புதிதாக எது வந்தாலும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும், யாராவது ஒருவர் லேபிள் போட்டுவிடுவோம்.