முந்தின லோடு என்ன?

நெல்லைச் சீமையில் டேங்கர் லாரி ஓட்டும் குடும்பங்களிடம் கதை கேட்டால், தாத்தா வாங்கிய முதல் வண்டியில்தான் ஆரம்பிப்பார்கள். ஆபீஸ் மேசையில் கிடக்கும் லோடு நோட்டைப் புரட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். தேரிக்காட்டு ஊர்களுக்குத் தண்ணீர், அப்புறம் டீசல், பாமாயில், கடைசியாக ஆசிட். தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமானது. மறுவருடம் ஸ்பிக் உர ஆலை ஓடத் தொடங்கியது. ஆறுமுகநேரி பக்கம் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை. சரக்கு வாசலிலேயே இருந்தது. ஆனால் ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக லைசென்ஸ் மட்டும் போதாது, டேங்கையே மாற்ற வேண்டும்.

பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 2018 வரை 25 டன்; அந்த வருடம் 28.5 ஆனது. வண்டியும் டேங்கும் போக சரக்குக்குச் சுமார் 18 டன் கிடைக்கும். பாமாயில் என்றால் அது 20,000 லிட்டர். 98 சதவீத கந்தக அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ, 10,000 லிட்டருக்குள் எடை முடிந்துவிடும். பாமாயில் டேங்கில் அதை ஏற்றினால் பாதி காலியாக நின்று, பிரேக் அடிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் அடிக்கும். உள்ளே தடுப்புத் தகடு இருந்தாலும் வளைவில் பக்கவாட்டு அலையை அது நிறுத்தாது. அதனால்தான் ஆசிட் டேங்க், வண்டிக்குப் பொருந்தாத மாதிரி சின்னதாக இருக்கும்.

அடர்ந்த கந்தக அமிலத்துக்குச் சாதா இரும்பு போதும். உட்சுவரில் படியும் இரும்பு சல்பேட் படலமே காவல். கெடுப்பது தண்ணீர்தான். ஐப்பசி மழையில் மேன்ஹோல் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டால், ஈரக்காற்றை ஆசிட் உறிஞ்சி, மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சம் நீர்த்துவிடும். அந்த வளையத்தில்தான் தகடு முதலில் மெலியும். கூடவே, பொறி பட்டால் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு சேரும். நன்றாகக் கழுவி, வாயு இல்லை என்று கருவி வைத்துப் பார்க்காமல் அதில் வெல்டிங் வைப்பது தற்கொலை.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு உள்ளே ரப்பர் லைனிங் வேண்டும். இரும்பு முனை வைத்த அளவுகோலை ஒருமுறை ஓங்கிக் குத்தினால் போதும், ஊசித்துளை விழும். வெளியே ஈரப்பொட்டு தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். காஸ்டிக்கில் வில்லன் அலுமினியம். அவசரத்துக்குக் கிளீனர், குழாயை இணைக்க அலுமினிய கப்ளிங்கை மாட்டினால் கரைந்து வாயு கிளப்பும்.

இறக்கும்போது நடக்கும் அசட்டுத்தனம் ஒன்று: மேல் மூடியையும் காற்றுக்குழாயையும் திறக்காமல் பம்பைப் போடுவது. தகரடப்பா மாதிரி டேங்க் உள்வாங்கி நசுங்கும்.

டீசலில் தகராறு வேறு மாதிரி. பத்து டிகிரி குளிர்ந்தால் 12,000 லிட்டரில் ஏறக்குறைய 100 லிட்டர் குறையும். தூத்துக்குடி உச்சி வெயிலில் ஏற்றி, சாரல் நேரத்தில் தென்காசியில் இறக்கினால் பழி டிரைவர் தலையில். ஏற்றிய இடத்திலேயே வெப்பநிலையையும் அடர்த்தியையும் எழுதி வாங்குவதுதான் வழி. பாமாயில்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது எடைக்கணக்கு.

ஆசிட் வண்டி காலியாகவே திரும்பும்; வாடகை இருவழிக்கும் பேசப்படுகிறது. அந்தக் காலி ஓட்டத்தைப் பார்த்து ரிட்டர்ன் லோடு ஆசை வரும் இடத்தில்தான் பெரியவர் குறுக்கே விழுவார்: “முந்தின லோடு என்னடே?” டிரைவர் “காலி வண்டிதான் அண்ணாச்சி” என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். தின்னும் எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் ஒரே டேங்க் கிடையாது, எத்தனை தடவை கழுவினாலும்.

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில் லாரியை எண்ணிப் பிரித்துவிடலாம். ஆனால் எந்த டேங்கில் என்ன ஏற்றினார்கள் என்று சொல்லும் அந்தந்த வண்டியின் லோடு நோட்டும் கூடப் போக வேண்டும். நோட்டு இல்லாமல் வந்த டேங்கை, வால்வுக்கு மேலே, வெல்டிங் ஓரம், ஆசிட் மட்டம் நின்ற வளையம் என்று அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தகட்டின் கனம் பார்த்த பிறகே லோடுக்கு அனுப்பலாம்.